காடும் தோப்பும்

கிராண்ட்பாஸில் நான் குடியிருக்கும் ஒழுங்கையின் முகப்பில் ஒரு மரக்காலை உண்டு. அதன் வாளோசை கேட்டபடியே நாள்தோறும் பள்ளிக்குச் செல்கின்றேன். அவ்வோசை தந்த எண்ணத்தால், "மரம் வெட்டுதல் தகுமா?" என்பதை மாணவர்க்குச் சொற்போர்ப் பொருளாக அளித்தேன்.

"ஐயா, ஒரு மரத்தையேனும் தொடலாகாது" என்றான் ஒருவன். மற்றொருவன் எழுந்தான். "மரம் வளருங்கால் காற்றிலுள்ள காபனைத் தன்னுடலாக்குகின்றது. அதனை அறுத்துக் கதவும் வளையும் செய்தால் அக்காபன் பலகையில் அடங்கிக் கிடக்கும். சீமெந்தும் இரும்பும் ஆக்குதற்கு எரிக்கும் எரிபொருளும் மிஞ்சும். ஆதலால் காட்டை வெட்டி, விரைந்து வளரும் மரங்களை நடுவோம்" என்றான். வகுப்பு அவன் பக்கம் சாய்ந்தது.

அவன் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், முதுகாட்டை வெட்டுங்கால் வேரும் மண்ணும் இழக்கும் காபனை மீட்கப் பல பத்தாண்டுகள் செல்லும் என்பதை மறந்தான். அதனினும் பெரிய பிழை சொல்லிலே நேர்ந்தது. அவன் வெட்டச் சொன்னது காடு. நடச் சொன்னது தோப்பு. 'பனங்காடு' என்னும் வழக்கும் உண்டே எனின், அது அடர்த்தி நோக்கி வந்த வழக்கு. தென்னந்தோப்பு, மாந்தோப்பு என்பன மனிதன் ஓரினமாய் நட்டவை. காடோ பல்லுயிரும் தாமே கூடி வாழும் குடி.

இதற்குச் சிங்கராஜ வனமே சான்று. 1970களில் ஒட்டுப்பலகைக்காக அங்கே இயந்திரங்கொண்டு மரம் வெட்டினர். மக்கள் எதிர்ப்பால் அப்பத்தாண்டு முடியுமுன் அது நின்றது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. அதன் மரங்களுள் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. உலக மரபுரிமையாகுமுன்பே அதன் எல்லையில் கரிபியன் பைன் நட்டிருந்தனர். பைனும் காபனை ஏற்கும். ஆயினும் அது அவ்வனத்தின் உயிர்களுக்கு ஈடாகவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்ரி குணதிலக்க முதலியோர் பைன் வரிசைகள் சிலவற்றை வெட்டி ஒளிபுகச் செய்து, இடையே காட்டுமரக் கன்றுகளை நட்டனர், அவை தழைத்தன. தோப்பை வெட்டியது காட்டுக்கு உதவியாயிற்று! ஆகவே, "தொடலாகாது" என்றவனும் முழுதும் சரியல்லன்.

1990 முதல் இந்நாட்டின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை உண்டு, நன்று. ஆயினும் நமக்குக் கதவும் வாங்கும் வேண்டுமே! வீட்டுத்தோட்டத்துப் பலா, பால்வற்றிய இறப்பர் மரம், நட்டு வளர்த்த தேக்கு ஆகியவற்றை முறையாக வெட்டி, மீண்டும் நடுவோமாயின் குற்றமில்லை. அவை போதாவிடின் பிறநாட்டு மரம் கப்பலேறி வரும். தன் காட்டைக் காத்துப் பிறர் காட்டை வெட்டுவித்தல் அறமாகுமா?

2030க்குள் காட்டுப் பரப்பை நூற்றுக்கு 32 ஆக உயர்த்துவதாக அரசு உலகுக்கு உறுதி கூறியுள்ளது. அக்கணக்கில் தோப்பையும் காடென்று எழுதிவிடின், எண் நிறையும், வனம் நிறையாது. கணக்கெழுதுவோர்க்குத் தமிழாசிரியன் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே: இரண்டு சொற்களுக்கும் இரண்டு பத்திகள் வகுத்திடுக.

அடுத்த கிழமை அம்மாணவர் இருவரையும் மரக்காலைக்கு அழைத்துச் செல்லவிருக்கின்றேன். ஒவ்வொரு பலகையையும் காட்டி, "இது எங்கே வளர்ந்தது?" என்று கேட்கட்டும்.