மலை நில் என்றால் நிற்க வேண்டும்!

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், மேற்குக் கடற்கரைக்கு அருகில் தன்னந்தனியாக நிற்கிறது தாரனாகி எரிமலை. உயரம் 2,518 மீட்டர். அரிசியைக் குவித்து வைத்ததுபோல அழகான கூம்பு. குளிர்காலத்தில் மேலே வெள்ளைப் பனி. 2003-ல் வந்த 'தி லாஸ்ட் சாமுராய்' படத்தில் ஜப்பானின் ஃபூஜி மலையாக நடித்தது இதுதான்!

புகைப்படத்தில் பார்த்தால் சாதுவாகத் தெரியும். நடக்கப் போனால்தான் அதன் குணம் புரியும்.

கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்குக் காற்றுக்கு வழியில் வேறு தடையே இல்லை. நேராக வந்து இந்த மலையில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. பக்கத்து நகரமான நியூ பிளிமத்தில் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் மழை. அங்கிருந்து அரை மணி நேரம் காரில் போனால் வரும் மலைச்சரிவில் ஏறக்குறைய 7 மீட்டர்!

அந்த மழை வளர்த்த காட்டுக்கு 'கோப்ளின் காடு' என்று செல்லப்பெயர். கோப்ளின் என்றால் குட்டிச்சாத்தான். முறுக்கிக்கொண்டு வளர்ந்த மரங்கள், அவற்றின் மேல் கம்பளிபோலப் பாசி, கிளைகளில் தொங்கும் பெரணிகள். குழந்தைகளை அழைத்துப் போனால் கதை சொல்லவே தேவையில்லை.

மலையைச் சுற்றிவரும் நீண்ட பாதையை முடிக்க 4 அல்லது 5 நாள் ஆகும். பக்கத்திலுள்ள போவாகாய் மலைத்தொடரை இணைக்கும் சுற்று சுமார் 25 கிலோமீட்டர். இரண்டு, மூன்று நாளில் முடிக்கலாம். இரவு தங்க இயற்கைப் பாதுகாப்புத் துறையின் குடில்கள் உண்டு. ஓட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். அடுக்குப் படுக்கை, மெத்தை, மழைநீர்த் தொட்டி, கழிப்பறை. சிலவற்றில் குளிர்காய விறகடுப்பு. அவ்வளவுதான். உணவு, அடுப்பு, போர்வை எல்லாம் உங்கள் முதுகில்தான் வர வேண்டும்.

குடிலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பெயர், எத்தனை பேர், எங்கிருந்து வந்தோம், அடுத்து எங்கே போகிறோம் என்று எழுத வேண்டும். அங்கே தங்காமல் கடந்து போகிறவர்களும் எழுத வேண்டும். யாராவது காணாமல் போனால், தேடி வருபவர்கள் புரட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான். அந்த ஒரு வரியை வைத்தே எந்தப் பள்ளத்தாக்கில் தேடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

தாரனாகியில் பெரிய ஆபத்து உச்சியில் மட்டும் இல்லை, ஓடைகளிலும் இருக்கிறது. சரிவு செங்குத்து என்பதால், காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர் மதியத்துக்குள் ஆளை இழுத்துவிடும். பாதையில் எல்லா ஓடைகளுக்கும் பாலம் கிடையாது. நீர் கலங்கியிருக்கிறதா? கிளைகள் மிதந்து வருகின்றனவா? அடியில் பாறைகள் உருளும் சத்தம் கேட்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இறங்கவே கூடாது.

நல்ல செய்தியும் உண்டு. வேகமாக ஏறிய தண்ணீர், மழை விட்டால் வேகமாகவே வடியும். பெரும்பாலும் சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள் பொறுத்தால் போதும். குடிலின் உண்மையான பயன் இதுதான். அது தூங்கிவிட்டுப் போகும் இடம் மட்டுமல்ல, காத்திருக்கும் இடம். ஆனால் 'திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறதே' என்ற எண்ணம்தான் பலரை ஆற்றில் இறக்குகிறது.

அதனால் மூட்டை கட்டும்போதே காத்திருப்பதற்கும் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு நாள் உணவு கூடுதலாக இருக்கட்டும். ஒரு செட் கம்பளி உடையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, குடிலுக்குள் மட்டும் போட வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பருத்தி உடை உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கூட வருபவர் தடுமாறி நடந்தாலோ, பேச்சு குழறினாலோ அது வெறும் களைப்பல்ல, குளிர் உடலுக்குள் இறங்கிவிட்டதன் அறிகுறி. உடனே நின்று, உடை மாற்றி, சூடேற்ற வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் திரும்பும் நாளோடு, 'மழை என்றால் ஒரு நாள் தாமதமாகும்' என்பதையும் சொல்லிவிட்டுப் போனால், அவர்களும் பதறாமல் இருப்பார்கள். நீங்களும் அவசரப்பட மாட்டீர்கள்.

அங்குள்ள மாவோரி மக்களுக்கு இந்த மலை ஒரு மூதாதை. 2025 ஜனவரியில் நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒருமனதாகச் சட்டம் இயற்றி, மலைக்கு ஒரு மனிதருக்குரிய சட்ட உரிமைகளை அளித்தது. 1770-ல் கேப்டன் குக் சூட்டிய 'எக்மான்ட்' என்ற பெயரும் விடைபெற்றது. உச்சிப் பாறை மீது ஏறி நிற்காதீர்கள் என்று மலையேறுபவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். அது மூத்தவரின் தலை அல்லவா?

வீட்டுப் பெரியவர், 'மழை விடட்டும், அப்புறம் கிளம்பு' என்றால் நாம் உட்கார்ந்துவிடுவோம். தாரனாகி சொல்வதும் அதைத்தான். கேட்டுக்கொண்டு இன்னொரு டம்ளர் டீ போட்டுக் குடிப்பவர்கள், மறுநாள் வெயிலில் மலையின் முழு உருவத்தையும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.