வானத்துச் சத்தத்திற்கு யார் பொறுப்பு? டெல்டாவும் விமான ஒலி விதிகளும்

டெல்டா மாவட்டங்களில் அவ்வப்போது ஒரு செய்தி பரவும். பட்டப்பகலில் பயங்கர வெடிச்சத்தம் கேட்டது, ஜன்னல்கள் அதிர்ந்தன, மக்கள் பதறிப்போய் வீதிக்கு ஓடி வந்தார்கள் என்று. கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், காரைக்கால் என ஊர்ப் பெயர்கள்தான் மாறும். சிலிண்டர் வெடித்ததா, பட்டாசு ஆலையில் விபத்தா, நிலநடுக்கமா என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொரு தகவல் பறக்கும. பிறகு, "விமானப்படை விமானத்தின் பயிற்சி, அச்சப்பட வேண்டாம்" என்று ஒரு விளக்கம் வரும். அத்தோடு எல்லோரும் மறந்துவிடுவோம்.

அடுத்த முறையும் இதே கதை நடக்கும். எனவே இந்தச் சத்தத்தைப் பற்றி நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, எங்கே மௌனமாக இருக்கிறது, நாம் என்ன கேட்கலாம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தஞ்சையின் விமானதளம்

தஞ்சாவூர் – புதுக்கோட்டை சாலையிலுள்ள விமானதளம் இரண்டாம் உலகப்போர் காலத்தது. பின்னாளில் சில ஆண்டுகள் இங்கிருந்து சென்னைக்கு வாயுதூத் பயணிகள் விமானமும் பறந்தது. 2013 மே மாதம் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி இதை முழு அளவிலான விமானப்படைத் தளமாகத் தொடங்கி வைத்தார். 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 போர் விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு இங்கே நிலைகொண்டது. தென்னிந்தியாவில் சுகோய் விமானங்களுக்கென அமைந்த முதல் படைப்பிரிவு இது. வங்காள விரிகுடாவையும் இந்தியப் பெருங்கடலையும் கண்காணிக்கும் பொறுப்பு இதற்கு உண்டு. நாட்டின் பாதுகாப்புக்கு இது தேவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நமக்குக் கேட்கும் அந்த வெடிச்சத்தம் எப்படி உண்டாகிறது? தரைமட்டத்தில் ஒலி மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். விமானம் ஒலியை முந்தும்போது அதற்கு முன்னால் காற்று நெருக்கப்பட்டு அதிர்ச்சி அலையாகிறது. அந்த வேகத்தில் பறக்கும் நேரமெல்லாம் அலை விமானத்தின் பின்னாலேயே தரையைத் தொட்டு வருகிறது. விமானம் கண்ணுக்கே தெரியாத உயரத்தில் கடந்துபோன பிறகும் கீழே "டமார்" என்று கேட்பது இதனால்தான். 2020 மே 20 அன்று பெங்களூரு நகரமே இப்படி ஒரு சத்தத்தில் அதிர்ந்தது. சோதனைப் பறப்பில் இருந்த விமானம் 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலியைவிட அதிக வேகத்திலிருந்து வேகம் குறைத்தபோது அது உண்டாகியிருக்கலாம் என்றும், விமானம் 65 முதல் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் இந்தச் சத்தம் கேட்கும் என்றும் பாதுகாப்புத் துறை விளக்கியது. இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டால், தஞ்சையிலிருந்து கிளம்பிய விமானம் நாகப்பட்டினத்தில் ஏன் கேட்கிறது என்ற வியப்பு தீரும்.

மூன்று விதமான அளவுகோல்

ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. இந்த விதிகளை நம் சமுதாயம் நன்கு அறியும். ஏனென்றால் ஒலிபெருக்கி குறித்த சட்டமும் இதுதான். 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இரவு நேர ஒலிபெருக்கித் தடையை உறுதி செய்தது. ஆண்டு முழுவதும் ஃபஜ்ர் பாங்கு ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே கூம்பு ஒலிபெருக்கி பற்றிக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வராத மஹல்லாக்கள் குறைவு.

விமான நிலையங்களுக்கு வேறு அளவுகோல். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜூன் மாதம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஆண்டுக்கு 50,000 முறைக்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் பெரிய நிலையங்களின் ஒலி மண்டலத்தில் பகலில் 70, இரவில் 65 டெசிபல் வரை அனுமதி. மற்ற நிலையங்களில் பகலில் 65, இரவில் 60. வீட்டுக்கு இரவில் 45, விமான நிலைய மண்டலத்து வீட்டுக்கு 60. பதினைந்துதானே வித்தியாசம் என்று தோன்றும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். பதினைந்து கூடினால் சுமார் முப்பது மடங்கு.

இந்த எண்கள் எல்லாமே சராசரி என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு விமானம் ஒரு நிமிடம் 90 டெசிபல் சத்தத்துடன் தலைக்கு மேல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பகலின் பதினாறு மணி நேரத்திற்கு அதைப் பரப்பினால் சராசரி 60 டெசிபல் அளவில் நிற்கும். குடியிருப்பு வரம்பான 55ஐ அது மீறுகிறது. விமான நிலைய வரம்பான 65க்குள் அடங்கிவிடுகிறது. தூளியில் உறங்கும் குழந்தை திடுக்கிட்டு எழுவது அந்த ஒரு நிமிடத்தில்தான். சராசரியில் அது தெரியாது.

மூன்றாவது அளவுகோல் படை விமானங்களுக்கு. 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். இராணுவ விமானங்கள் அதில் வராது. அதன் கீழ் 1971ல் உருவான ஒலித் தரங்களும் அப்படியே. நம் நாட்டிலும் டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அதிகாரம் விமானப்படையின் விமானங்களுக்கு நீளாது. அதாவது, டெல்டாவில் மிகப் பெரிய சத்தத்தை எழுப்பும் விமானத்தைக் கேள்வி கேட்க ஒரு சிவில் அலுவலகமும் இல்லை. மாவட்ட ஆட்சியரும் நம்மைப் போலவே பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

திருச்சியும் நம் தேவையும்

டெல்டா முஸ்லிம்களுக்கு விமானச் சத்தம் வெறும் தொல்லை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும் சபுராளி இல்லாத தெரு கிடையாது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று அவர்கள் போவதும் வருவதும் பெரும்பாலும் திருச்சி வழியாக. அவற்றில் பல விமானங்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் பறக்கின்றன. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்து வைத்த திருச்சியின் புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவு கொண்டது. விமானங்கள் கூடும், சத்தமும் கூடும்.

உலகின் சில நகரங்கள் இரவில் விமானங்களையே நிறுத்திவிட்டன. சிட்னியில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 11 முதல் காலை 6 வரை பெரும்பாலான விமானங்களுக்குத் தடை. ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை அட்டவணை விமானங்களுக்குத் தடை என்பதை 2012ல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் உறுதி செய்தது. திருச்சியிலும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பது எளிது. அதற்கான விலையை நம் வீட்டுப் பிள்ளைகள்தான் கொடுக்க நேரும்: குறைந்த விமானங்கள், கூடுதல் கட்டணம், சென்னைக்கோ கொச்சிக்கோ அலைச்சல்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001ல் ஏற்றுக்கொண்ட கொள்கையும் நேரத் தடையை முதல் வழியாக வைக்கவில்லை. முதலில் சத்தம் குறைந்த விமானங்கள், அடுத்து சுற்றுப்புற நிலத்தைத் திட்டமிடுதல், பிறகு ஏறும் இறங்கும் முறையில் மாற்றம், இவை போதாதபோதுதான் பறக்கும் நேரத்திற்குக் கட்டுப்பாடு என்பது அதன் வரிசை. இவற்றில் நிலத்தைத் திட்டமிடுவது ஆரம்பத்திலேயே செய்தால் செலவு மிகக் குறைவு. வயல் மனைகளாகி வீடுகள் எழும்பிய பிறகு செய்யவே முடியாது. 2020ல் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது. வயலை வீட்டுமனையாகப் பிரிப்பதை அது தடுப்பதில்லை. தஞ்சைத் தளத்தைச் சுற்றியும் நகரம் வளர்ந்துகொண்டே வருகிறது. தஞ்சையில் மீண்டும் பயணிகள் விமானம் வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்து வருகிறது. எனவே, பேச வேண்டிய நேரம் இதுதான்.

ஏன் இது சிறிய விஷயம் இல்லை

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் விமான ஒலி சராசரி 40 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992ல் பழைய விமான நிலையம் மூடப்பட்டு வேறு இடத்தில் புதியது திறக்கப்பட்டது. ஆய்வாளர்கள் இரு பகுதிப் பிள்ளைகளையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். புதிய நிலையத்தின் அருகே வாழ்ந்த பிள்ளைகளின் நீண்டகால நினைவாற்றலும் வாசிப்பும் குறைந்தன. பழைய நிலையம் மூடப்பட்ட பகுதியில் அவை மேம்பட்டன. பள்ளிக்கூடமும் ஹிஃப்ழு மத்ரஸாவும் நடத்துகிற சமுதாயம் இதைக் கவனிக்காமல் இருக்கக்கூடாது. இதில் ஆறுதலான செய்தியும் உண்டு: சத்தம் குறைந்தால் பாதிப்பும் மீள்கிறது.

மார்க்கச் சட்ட அறிஞர்களுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. வீட்டருகே கொல்லன் பட்டறையோ ஆலையோ வைத்து அதன் அதிர்வால் அண்டை வீட்டுக்குச் சேதம் வந்தால் என்ன தீர்ப்பு என்று ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்ட நூலிலும் இது இடம்பெற்றுள்ளது. அவர்கள் பார்த்தது தொல்லையின் அளவை. பொது நன்மைக்காகத் தனியார் ஒரு சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய இடம் உண்டு. அப்போதும் அந்தச் சிரமத்தை இயன்ற அளவு குறைக்கும் கடமை நீங்குவதில்லை. போர் விமானத்திற்கும் இந்த நியாயம் பொருந்தும். பறக்கட்டும், குறைக்க முடிந்த தொல்லையைக் குறைக்கட்டும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, முன்னறிவிப்பு. மணப்பாறை அருகே வீரமலைப்பாளையத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சி நடக்கும் நாட்களை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே செய்திக் குறிப்பாக வெளியிடுகிறது. பிரிட்டனில் போர் விமானங்களின் தாழ்வான பறப்புப் பயிற்சிக்கான கால அட்டவணையை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. விமானத்தின் பாதையையோ நோக்கத்தையோ யாரும் கேட்கவில்லை. "இந்த வாரம் இந்த நாட்களில் பலத்த சத்தம் கேட்கலாம்" என்ற ஒரு வரி, ஆட்சியர் அலுவலகத்தின் வழியே வந்தால் போதும். இதய நோயாளியும் கர்ப்பிணியும் பதறாமல் இருப்பார்கள். வதந்திக்கும் வேலை இருக்காது.

இரண்டாவது, நேர ஒழுங்கு. கோவாவின் டபோலிம் நிலையத்தில் வார நாட்களின் காலை வேளை கடற்படைப் பயிற்சிக்காக ஒதுக்கப்பட்டு, பயணிகள் விமானங்கள் மற்ற நேரங்களில் பறக்கின்றன. ஆக, ஓடுபாதையின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது நம் நாட்டில் நடைமுறையில் உள்ளதுதான். தஞ்சையில் பயணிகள் விமானம் வரும்போது நேரத்தைப் பிரிப்பவர்கள் பள்ளித் தேர்வு நேரத்தையும் உறக்க நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, வரைபடம். தஞ்சையிலும் திருச்சியிலும் எந்தெந்தப் பகுதி எவ்வளவு சத்தத்தைத் தாங்குகிறது என்று அளந்து, தமிழில் வெளியிட வேண்டும். மனை வாங்கும் குடும்பம் பத்திரப்பதிவுக்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளும். புதிய பள்ளி, மருத்துவமனை, மத்ரஸா எங்கே கட்டுவது என்பதையும் அதை வைத்து முடிவு செய்யலாம். இதற்கு கிராமசபைத் தீர்மானமும் தகவல் அறியும் உரிமை மனுவும் நம் கையில் இருக்கும் வழிகள்.

நான்காவது, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவர் எழுப்பும் சத்தத்தைப் பற்றிக் கேட்கும் முன் நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் அளவு சட்டத்திற்குள் இருக்கிறதா, ஒரே தெருவில் நான்கு ஒலிபெருக்கிகள் தேவையா, பயானுக்கு உள் ஒலிபெருக்கி போதாதா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் பார்க்க வேண்டும். டெசிபல் அளவி இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. துல்லியம் குறைவானாலும் ஒரு மதிப்பீட்டுக்கு உதவும். நம் அளவைச் சரிசெய்துவிட்டு மனு கொடுக்கும்போது, "முதலில் உங்கள் ஒலிபெருக்கியைப் பாருங்கள்" என்று நம்மை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கையும் இல்லை. நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும், கோயில் தெருவில் வசிக்கும் முதியவருக்கும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்கும் அதே வானம்தான் மேலே. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அக்கம்பக்கத்து மக்களையும் சேர்த்துக்கொண்டு முன்னறிவிப்புக் கோரிக்கையை மட்டுமாவது தீர்மானமாக நிறைவேற்றுவோம். அரசுக்குச் செலவில்லாத கோரிக்கை அது. அடுத்த முறை ஜன்னல் அதிரும்போது, பிள்ளையிடம் "பயப்படாதே, இன்றைக்கு விமானம் பறக்கும் என்று நேற்றே சொன்னார்களே" என்று ஒரு தாய் சொல்ல முடிந்தால், அதுவே பெரிய மாற்றம். அல்லாஹ் அதற்கான முயற்சியை நம் அனைவருக்கும் எளிதாக்குவானாக.