முகப்பில் பச்சைப் புள்ளி, முதுகில் சர்க்கரை

உங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய் ஏதாவது ஒரு தின்பண்டப் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். முன்பக்கத்தில், பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு சதுரமும் அதற்குள் பச்சைப் புள்ளியும் இருக்கும். அது எங்கே இருக்க வேண்டும், எந்த அளவில், எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இப்போது அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்று தேடுங்கள். பாக்கெட்டைத் திருப்பி, மடிப்பை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இருப்பது ஆங்கிலம்.

முகப்பில் எதை வைக்க வேண்டும், முதுகில் எதை ஒளிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அரசியல். அந்த உணவைத் தொட்டால் யாருக்குத் தீட்டு என்ற கேள்விக்கு இந்த நாடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முகப்பில் பதில் எழுதி வருகிறது. அதைத் தின்றால் யாருக்கு நோய் வரும் என்ற கேள்விக்கு இன்னும் முகப்பில் இடம் இல்லை.

அந்தப் புள்ளியின் இலக்கணத்தையும் பாருங்கள். விலங்கிலிருந்து வருவதெல்லாம் அசைவம் என்று சொல்லிவிட்டு, பாலுக்கும் தேனுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். முட்டைக்கு விலக்கு இல்லை. எனவே முட்டை சேர்த்த கேக்குக்குப் பழுப்புக் குறி. சர்க்கரையைக் கொட்டிச் செய்த மால்ட் மாவுக்குப் பச்சைக் குறி. பச்சை என்றால் நல்லது என்று குழந்தைகூடப் படித்துக்கொள்கிறது. இந்தப் பாடம் அரசின் திட்டங்களுக்குள்ளும் நுழைகிறது. 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் சிவராஜ் சிங் சவுகான் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தர மறுத்தாரே, அது எந்த மருத்துவரின் ஆலோசனை?

இந்த 'நல்லது' என்ற பிம்பத்தின் மேல்தான் நிறுவனங்கள் தங்கள் கடையை விரிக்கின்றன. 'ஊட்டச்சத்து', 'எதிர்ப்பு சக்தி', 'உயரமாக வளர', 'நூறு சதவீதம் பழச்சாறு'. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. இதை ஒன்றிய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு எடுத்துச் சொன்னது 2024 ஏப்ரலில். அதற்குள் சில தலைமுறைகள் அதை ஆரோக்கிய பானம் என்றே நம்பிக் குடித்து முடித்துவிட்டன. செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து விற்பதை 'நூறு சதவீதம்' என்று எழுதக் கூடாது என்று ஆணையம் சொன்னது 2024 ஜூனில். விளம்பரங்களையும் உரிமைகோரல்களையும் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் வந்ததோ 2018இல். விதி இல்லாமல் இல்லை. விதியை எழுப்பி நடக்க வைக்க ஆள் இல்லை.

இதில் உயிரோடு விளையாடிய கதை ஒன்று உண்டு. 1971இல் வங்காளதேச அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அதுதான் ஓ.ஆர்.எஸ். ஏழைகளின் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய சூத்திரப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அளவு மிஞ்சினால் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். இந்த மூன்றெழுத்தைத்தான் நிறுவனங்கள் இனிப்பு பானங்களின் அட்டையில் ஒட்டி மருந்துக்கடைகளில் விற்றன. பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்று ஓடி வரும் தாய் அந்த மூன்றெழுத்தைப் பார்ப்பாரா, பொடி எழுத்தில் இருக்கும் மறுப்பைப் படிப்பாரா?

ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். 2022 ஏப்ரலில் தடை வந்தது. அதே ஆண்டு ஜூலையில், 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அல்ல' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று ஆணையமே வாசலைத் திறந்துவிட்டது. அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது 2025 அக்டோபரில். உடனே நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. கையிருப்புச் சரக்கை விற்றுத் தீர்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. அந்தச் சரக்கு எந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்த் தீரும் என்பது நம் கவலை.

"படித்துப் பார்த்து வாங்குவது நுகர்வோர் பொறுப்பு" என்கிறார்கள். சரி, யார் படிப்பது? விதிமுறைப்படி லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் கட்டாயம் இல்லை, விருப்பம். நூறு சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சின்னப் பாக்கெட்டுகளுக்கோ ஊட்டச்சத்து விவரம், சேர்மானப் பட்டியல் இரண்டிலிருந்தும் விலக்கு. மொத்தப் பொதியில் இருந்தால் போதுமாம். மொத்தப் பொதியைப் பார்ப்பவர் கடைக்காரர். கூலி வேலைக்குப் போகும் அம்மா பிள்ளை கையில் கொடுப்பது சின்னப் பாக்கெட். ஆகக் குறைந்த காசுக்கு வாங்குபவருக்கு ஆகக் குறைந்த தகவல். எழுத்தறிவை நூற்றாண்டுகளாக மறுத்துவிட்டு, 'படித்துப் பார்' என்பது அறிவுரையா, ஏளனமா?

நாம் ஒன்றில் தெளிவாக இருக்க வேண்டும். யார் எதைச் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போடுவது நம் வேலை அல்ல. அந்த அதிகாரத்துக்கு எதிராகத்தான் மாட்டுக்கறிக்காகவும் முட்டைக்காகவும் நிற்கிறோம். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டை வாங்கும் மக்களைக் குற்றவாளியாக்கும் மேட்டுக்குடி ஆரோக்கிய உபதேசமும் நமக்கு வேண்டாம். நேரமும் கூலியும் குறைவாக உள்ள வீட்டில் அது பசியை அடக்குகிறது. கேட்பது ஒன்றே: விற்பவன் உண்மையை முகப்பில் எழுத வேண்டும்.

முடியாத காரியமா? சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை இருக்கிறது. அந்தக் குறி உள்ளதைப் பள்ளிகளில் விற்கக் கூடாது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும். இங்கே 2022இல் ஆணையம் கொண்டுவந்த வரைவோ நட்சத்திரம் போடச் சொன்னது. சர்க்கரைக்குக் கழிக்கும் மதிப்பெண்ணைக் கொஞ்சம் பருப்பையும் நாரையும் சேர்த்துச் சரிக்கட்டலாம். எச்சரிக்க வேண்டிய இடத்தில் பாராட்டுப் பத்திரம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முகப்பு லேபிள் விதிகளை மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னது. கெடு வந்தபோது நீட்டிப்பு கேட்டு வாங்கினார்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்த நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களுக்கு நீட்டிப்பு தருவது யார்?

நம் கோரிக்கைகள் எளியவை. முகப்பில் எச்சரிக்கைக் குறி வேண்டும், நட்சத்திரம் அல்ல. தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் தமிழ் கட்டாயம் வேண்டும். சின்னப் பாக்கெட்டுக்குத் தரும் விலக்கு நீங்க வேண்டும். எச்சரிக்கைக் குறி உள்ள பொருள் 'சத்து' என்று வாய் திறக்கக் கூடாது, பள்ளி வாசலில் நிற்கக் கூடாது.

சாதிக்குப் புள்ளி வைக்கத் தெரிந்த அரசுக்குச் சர்க்கரைக்குப் புள்ளி வைக்கவும் தெரியும். வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்.