விருந்தாளியின் அறைக்கு எதற்குக் கறுப்புப் பெயின்ற்?

போன கிழமை சின்னம்மாவின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கரி நிறச் சுவர், அதே நிறத்தில் மேற்கூரை, கடும் பச்சை வெல்வெட் தலையணை, மூலையில் ஒரு பித்தளை விளக்கு. கீழே எழுதியிருந்தாள்: "எங்கட விருந்தினர் அறையை இப்பிடி மாத்தப் போறன். எப்பிடி இருக்கு?"

படம் வடிவாகத்தான் இருந்தது. நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன்: "அந்த அறையில முதல் படுக்கப் போறது ஆர்?"

"அம்மம்மா."

அம்மம்மாவுக்கு 78 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து முதல்முறையாகப் பலெர்மோவுக்கு வருகிறா. விசா 90 நாளுக்கு. எங்கள் சண்டை அங்கே தொடங்கி இன்னும் முடியவில்லை. அவளை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இங்கே பிறந்து, வேலைக்குப் போய், முதல்முறையாக ஒரு அறை மிச்சமுள்ள வீட்டை எடுத்திருக்கிற உங்களில் பலர் இதே படத்தை எங்கோ சேமித்து வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். நானும் வைத்திருந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு அபசகுனம் என்று சொல்ல நான் வரவில்லை. "வீட்டுக்குள்ள கறுப்பு அடிக்கக் கூடாது" என்று சொல்லும் அதே வாய்தான் "பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்று கலியாணப் பேச்சில் இழுக்கிறது. அந்தப் பக்கம் நான் இல்லை.

இருட்டும் எனக்குப் பகையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம், வேதக்காரர் சைவக்காரர் என்ற வித்தியாசமில்லாமல், மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவிடம் போகிறது. அந்தக் கோயில் ஒரு குகை. உள்ளே குளிர்ச்சி, மங்கலான வெளிச்சம், பாறையிலிருந்து சொட்டும் தண்ணீர். அந்த இருட்டில் மனம் ஆறுகிறது. ஆனால் கும்பிட்டு முடித்ததும் வெளியே வந்து, வெயிலில் இருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிடுகிறோம். அங்கே ஒருவரும் 90 நாள் தங்குவதில்லை.

பலெர்மோக்காரருக்கும் இருட்டின் அருமை தெரியும். ஆபிரிக்காப் பக்கமிருந்து ஷிரொக்கோ காற்று அடிக்கும்போது இந்த ஊர் அடுப்பு மாதிரி ஆகிவிடும். அதற்காகவே பழைய பிரபுக்கள் தங்கள் மாளிகைகளுக்குக் கீழே பாறையைக் குடைந்து அறை கட்டினார்கள். காமெரா தெல்லோ ஷிரொக்கோ என்று அதற்குப் பெயர். சிலவற்றுக்குள் நிலத்தடிக் கால்வாய்த் தண்ணீரும் ஓடியது. காற்று அடங்கும்வரை அங்கே இருந்துவிட்டு, பிறகு படியேறி வெளிச்சமான மண்டபங்களுக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய இருட்டுக்கு ஒரு படிக்கட்டு இருந்தது.

அதே ஊரில் படிக்கட்டு இல்லாத இருட்டும் இருந்தது. பழைய நகரத்தின் தெருமட்ட ஒற்றை அறை வீடுகளைக் கத்தோயு என்பார்கள். பலவற்றுக்கு யன்னலே கிடையாது. கதவைத் திறந்தால் வெளிச்சம், பூட்டினால் இல்லை. பலெர்மோவின் ஏழைகள் தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்ந்தார்கள். 1983க்குப் பிறகு எங்கள் ஆட்கள் இங்கே வந்தபோது, பலருக்கு பல்லாரோவைச் சுற்றிக் கிடைத்த வாடகை அறைகளும் அப்படித்தான். என் அப்பா அப்படியொன்றில் நாலு பேரோடு இருந்தவர். பகலிலும் குண்டுபல்ப் எரிந்தது, சுவரில் கை வைத்தால் ஈரம் என்று சொல்லுவார். அதை ஒரு ரசனையாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த அறையிலிருந்து அவர் வெளியேறிய கதையில் உங்கள் கதையும் இருக்கலாம். இத்தாலிக்குக் குடும்பத்தை அழைப்பவர், தான் இருக்கும் வீடு மனிதர் வாழத் தகுந்தது என்று காட்டவேண்டும். இன்று அதைச் சரிபார்ப்பது கொமூனே. வீடு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு 1975 யூலை 5இல் வந்த சுகாதார ஆணை ஒன்று இருக்கிறது. ஒருவர் படுக்கும் அறை குறைந்தது 9 சதுர மீற்றர், இருவர் படுக்கும் அறை 14 சதுர மீற்றர். படுக்கையறையில் திறக்கக்கூடிய யன்னல் இருக்கவேண்டும். திறக்கும் பரப்பு, தரையின் பரப்பில் எட்டில் ஒன்றுக்குக் குறையக்கூடாது. அதாவது 14 சதுர மீற்றர் அறைக்கு 1.75 சதுர மீற்றர். அதோடு பகல் வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு: வெளியே திறந்த வானத்தின் கீழ் உள்ள ஒளியில் சராசரியாக 2 சதவீதமாவது அறைக்குள் வரவேண்டும்.

அம்மாவை அழைப்பதற்கு முன் அப்பா அளவுநாடாவோடுதான் வீடு பார்த்தாராம். எங்கள் பெற்றோருக்கு வெளிச்சம் அலங்காரமல்ல. தம் ஆட்களை இங்கே கொண்டுவருவதற்காக அளந்து தேடிய ஒன்று.

இப்போது உங்கள் கரி நிறத்துக்கு வருவோம். அந்த 2 சதவீதக் கணக்கில் யன்னல் மட்டும் வருவதில்லை. சுவரும் மேற்கூரையும் எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்புகின்றன என்பதும் வருகிறது. நல்ல வெள்ளைப் பெயின்ற் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கரி நிறம் 10 சதவீதம்கூடத் தராது. அறை முழுவதையும் சேர்த்துப் பார்த்து, சராசரி 65 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கினால், அந்தச் சூத்திரத்தின்படி அறைக்குள் இருக்கும் பகல் வெளிச்சம் சரிபாதியாகும். யன்னலில் ஒரு பாதியைச் செங்கல் வைத்து அடைத்ததற்குச் சமம். செங்கல் வைக்கிறேன் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். பெயின்ற் என்றால் "வைப்" என்கிறீர்கள்.

அந்தப் பாதி வெளிச்சமும் அம்மம்மாவின் கண்ணுக்கு முழுதாகப் போய்ச் சேராது. வயதாக ஆகக் கண்மணி சுருங்கும், வில்லை மஞ்சளாகும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் ஒளி, 20 வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். 78இல் இன்னும் குறைவு. உங்களுக்கு மங்கலான வடிவாகத் தெரிகிற இடத்தில் அவவுக்குக் கட்டிலின் விளிம்பு தெரியாது. மாத்திரையின் பெயரை வாசிக்கமுடியாது. இரவில் எழும்பினால் கதவு எது, சுவர் எது என்று தடவவேண்டும்.

இந்த அறைகள் எங்கிருந்து வந்தன என்று யோசியுங்கள். ஹொட்டேல்களிலும் பி அண்ட் பிக்களிலும் இருந்து. பல்லாரோவைச் சுற்றி இப்போது அவை எத்தனை என்று நடந்து பார்த்தாலே தெரியும். அங்கே தங்குபவர் இரண்டு இரவுக்கு வருகிறார், பகல் முழுக்க ஊர் சுற்றுகிறார், படுக்க மட்டும் திரும்புகிறார். அவருக்கு இருண்ட அறை சுகம்.

எங்கள் விருந்தாளி அவர் அல்ல. காலை ஏழு மணிக்கு நீங்கள் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவீர்கள். பாஷை தெரியாது, பக்கத்து வீட்டில் கதைக்க ஆளில்லை, தனியாக லிப்டில் இறங்கப் பயம். பின்னேரம்வரை அம்மம்மாவின் பலெர்மோ அந்த அறைதான். முற்றத்தில் கிணற்றடியும் முருங்கையும் பார்த்துக்கொண்டு இருந்த மனுசியைக் கூப்பிட்டு, கரி நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்லப்போகிறோமா?

என் தங்கச்சி மூன்று பதில் வைத்திருந்தாள். நியாயமான பதில்கள்தான்.

முதலாவது, இருட்டில் நல்ல நித்திரை வரும். உண்மை. அதற்குத்தான் இந்த ஊரில் யன்னலுக்கு யன்னல் பெர்சியானே போட்டிருக்கிறார்கள். மூடினால் இருட்டு, திறந்தால் பகல். பெர்சியானேயின் பிடி விருந்தாளியின் கையில் இருக்கிறது. பெயின்ற் காய்ந்த பிறகு அவரால் என்ன செய்யமுடியும்?

இரண்டாவது, சின்ன அறை, வடக்குப் பார்த்த யன்னல், எப்படியும் வெளிச்சம் வராது, ஆகவே இருட்டையே அழகாக்குவோம். அலங்காரம் செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை இது. இரவுச் சாப்பாட்டு அறைக்கு நானும் ஒத்துக்கொள்வேன். குறைவாக வெளிச்சம் வரும் அறையில் பகலைக் கழிக்கப்போகிறவருக்கு மிச்சமிருப்பதையும் எடுத்துவிடுவது அழகாக்குவதல்ல. இன்னொன்றும் இருக்கிறது: பலெர்மோவின் பழைய கல் சுவர்கள் ஈரம் இழுப்பவை. ஈரம் காயும்போது உப்புப் பூக்கும். கரி நிறத்தில் அது வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கறுப்புப் பூஞ்சணமோ தெரியவே தெரியாது, மணம் வரும்வரை.

மூன்றாவது: "வெள்ளைச் சுவரும் ரியூப் லைற்றும் எனக்கு வெறுத்துப்போச்சு. எங்கட வீடுகள் எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி." இதில் அவள் பக்கம் நான். எங்கள் பெற்றோர் அந்தக் குண்டுபல்ப் அறைக்குப் பயந்து, வீடு முழுக்க வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டிவிட்டார்கள். அதற்கு மருந்து மஞ்சள் ஒளி தரும் விளக்கு, கட்டில் தலைமாட்டில் கைக்கெட்டும் சுவிட்ச், பாலேட்டு நிறச் சுவர். கடும் பச்சை வேண்டுமா? விரிப்பில் வையுங்கள். கறுப்பு வேண்டுமா? கட்டில் சட்டத்தில் வையுங்கள். சுவர் முழுக்கக் கரி வேண்டுமா? உங்கள் சொந்த அறை இருக்கிறதே. அங்கே அடியுங்கள், நானே தூரிகை பிடிக்க வருகிறேன்.

அதுதான் நான் கேட்பதும். உங்கள் அறை உங்கள் ரசனை. விருந்தினர் அறை நாங்கள் வாடகை கட்டினாலும் எங்களுடையதல்ல, வருகிறவருடையது. அதில் எடுக்கவேண்டிய முதல் படம் இன்ஸ்ரகிராமுக்கானதல்ல. பகல் பதினொரு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு, அந்தக் கட்டிலில் அரை மணித்தியாலம் தனியாக இருந்து பாருங்கள். தொலைபேசியை வெளியே வைத்துவிட்டு. பிறகு பெயின்ற் கடைக்குப் போங்கள்.

தங்கச்சி இன்னும் பெயின்ற் வாங்கவில்லை. அம்மம்மா வர மூன்று கிழமை இருக்கிறது.