எங்கள் என்னும் சொல்

ஜெபம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது விண்ணப்பம்தான். தேர்வு, வேலை, திருமணம், பிணி என ஒரு பட்டியல், இறுதியில் ஆமென். கேட்டது கிடைத்தால் அது சாட்சி. கிடைக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்ற தீர்ப்பு. நோயாளியின் கட்டிலருகே நின்றுகொண்டு அத்தீர்ப்பை வழங்கத் தயங்காதவர்களை நானும் கண்டிருக்கிறேன். கேட்பது தவறு என்பதல்ல என் வாதம்; கேளுங்கள் என்றவர் இயேசுவே. ஆனால் ஜெபத்தின் நோக்கம் கேட்டுப் பெறுவதோடு முடிந்துவிடுகிறதா?

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு ஜெபிக்கும்படி இயேசு சொல்கிறார். அதையடுத்துச் சில வரிகளிலேயே கர்த்தருடைய ஜெபம் தொடங்குகிறது. அறைக்குள் இருப்பவர் ஒருவர் மட்டுமே. எனினும் அந்த ஜெபத்தில் 'நான்', 'எனக்கு' என்ற சொற்கள் ஓரிடத்திலும் இல்லை. எல்லாம் பன்மை.

இந்தப் பன்மையைத் தமிழ் இன்னும் கூர்மையாக்குகிறது. கிரேக்க மூலத்தில் நமது, எங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழிலோ 'நமது' என்றால் கேட்பவரும் உள்ளே. 'எங்கள்' என்றால் கேட்பவர் நீங்கலாக. கத்தோலிக்கர் வழக்கிலும் சீர்திருத்தச் சபையினர் வழக்கிலும் பிற சொற்கள் வேறுபட்டாலும் 'எங்கள்' என்பது மாறவில்லை. கடவுளை நோக்கி அப்படிச் சொல்லும்போது அச்சொல்லுக்கு வெளியே நிற்பவர் கடவுள் ஒருவரே; மனிதர் எவரையும் வெளியே நிறுத்த அதற்கு உரிமையில்லை. என் வாசிப்பு இதுதான்.

நடைமுறையோ வேறு. வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்க ஆலயம், சாதியினர் தனித்தனியே அமர்வதற்கென்றே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நடுவே நின்ற தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. இவ்வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தடுப்பின் இருபுறத்தாரும் ஒரே கடவுளை 'எங்கள்' என்றே அழைத்திருப்பார்கள். ஜெபம் தவறாமல் நடந்தது; சொல்லின் பொருள்தான் நெஞ்சில் இறங்கவில்லை. அதை நூறாண்டுக்கு முந்தைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் சாதி பார்க்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

அன்றாட ஆகாரத்தை 'எங்களுக்கு' என்று கேட்டவர், பக்கத்து வீட்டில் அடுப்பெரியாத நாளில் தம் உணவை முழுவதும் தமக்கே கிடைத்த பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. மன்னிப்பைக் கேட்கும் வரியிலோ கேட்பவரின் செயலும் சேர்ந்தே வருகிறது. ஜெபம் முடிந்த கையோடு இயேசு மீண்டும் எடுத்து விளக்குவதும் அந்த ஒன்றை மட்டுமே.

அப்படியானால் தனிமனிதரின் துயரத்துக்கு ஜெபத்தில் இடமில்லையா? உண்டு. கெத்செமனேயில் இயேசு தமக்காகவே மன்றாடினார், பாத்திரம் நீங்கவில்லை. விசுவாசக் குறைவு என்று அங்கே யார் சொல்ல முடியும்? அந்த இரவிலும் அவர் மூன்று சீடரை அருகில் விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் உறங்கிப்போனார்கள்.

கட்டிலருகே நிற்கும் நமக்கும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைதான். தீர்ப்புச் சொல்ல அல்ல, உடன் விழித்திருக்கவே அழைக்கப்பட்டிருக்கிறோம். 'எங்கள்' என்று சொல்லும்போது, அதில் யாரைச் சேர்க்க மனம் மறுக்கிறது என்று ஒரு கணம் நின்று பார்க்கலாம். ஜெபம் அங்கிருந்து தொடங்குகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.