பழியை மக்கள் தலையில் மட்டும் போடாதீர்கள்

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 18 முதல் 24 வரை ஆன்டிபயாட்டிக் விழிப்புணர்வு வாரம். சுவரொட்டி ஒட்டுவார்கள், கூட்டம் போடுவார்கள். எல்லாருக்கும் ஒரே பல்லவிதான்: "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை." முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவன் சொல்கிறேன்: வகுப்பு முழுக்க ஃபெயில் ஆனால் பிள்ளைகளை மட்டும் திட்டக் கூடாது.

ஆழ்வார்குறிச்சியில் கூலி வேலைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வார்? ஒருநாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரியில் காத்திருக்க முடியாது. மருந்துக் கடையில் "ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்பார். சளி, காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. உடம்பிலுள்ள பாக்டீரியாவில் மருந்துக்கு அடங்குபவை சாகும். அடங்காதவை மிஞ்சிப் பெருகும். இதை அவருக்கு யார் சொல்வது? டாக்டருக்கு நேரமில்லை. கடைக்காரர் சொன்னால் வியாபாரம் போகும். வீடு வீடாகப் போகும் சுகாதாரச் செவிலியரை யாரும் கலந்துகொள்வதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் ஹெச் 1 அட்டவணை அமலில் இருக்கிறது. செஃபிக்சிம் போன்ற மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை ஊர் டாக்டரும் மருந்தாளுநரும் சேர்ந்து உட்கார்ந்து என்றைக்காவது புரட்டியிருக்கிறார்களா? திருத்தாத நோட்டு, எழுதாத நோட்டுக்குச் சமம்.

2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' தந்தது நம் தலைநகரில்தான். ஆனால் 2018-ல் நாட்டிலேயே முதலாவதாக மாநிலச் செயல்திட்டம் போட்டது செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளம். 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று, சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் திடீர் சோதனை. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகப் போய் விளக்கவும் செய்தார்கள். அதிகாரியும் ஊழியரும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செட் ஆய்வு மதிப்பிட்டது. இது சுவரொட்டியோடு முடிகிற விஷயமா?

நான் கேட்பது பெரிய பட்ஜெட் அல்ல. மாதம் ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர், மருந்தாளுநர், செவிலியர், ஆய்வக நுட்பநர், கால்நடை மருத்துவர், மருந்துக் கடைக்காரர் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேள்வி கேளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பள்ளிகளில் பாடம் எடுக்க ஆள் வேண்டுமா? ஓய்வுபெற்ற வாத்தியார்கள் நாங்கள் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம்; கூப்பிடுங்கள், போதும்.