ஏழ்மை யாருக்குப் பாடம்?

கல்லூரியில் படித்த காலத்தில், நான் போய்வந்த சென்னைச் சபையின் வாலிபர் கூட்டத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரிக்கு மூணு நாள் ஊழியத்துக்குப் போனேன். கித்தார், கைப்பிரதி, பழைய துணி மூட்டை எல்லாம் வேனில் ஏறின.

எங்களைத் தங்கவைத்த வீட்டில் ஒரே அறை. ஓலைக்கூரை. எங்களுக்காகப் பக்கத்து வீட்டில் டேபிள் ஃபேன் இரவல் வாங்கி வைத்தார்கள். நாங்க உள்ளே காத்து வாங்கித் தூங்கினோம். வீட்டுக்காரங்க வாசல்ல கொசுக்கடியில படுத்தாங்க. சேரியில் கழிப்பறை கிடையாது; பெண்கள் இருட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஆனாலும் முட்டைக்குழம்பு வைத்து, சிரிச்ச முகத்தோடு பரிமாறினார்கள்.

திரும்பிய ஞாயிறு சபையில் சாட்சி சொன்னோம். "ஒண்ணுமே இல்லாட்டியும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க! போதுமென்ற மனசைக் கர்த்தர் எனக்குக் கத்துக் கொடுத்தார்." நானும் இதைத்தான் சொன்னேன். சபை அல்லேலூயா என்றது. இனி ஃபேன் போடாமல் தூங்குவது என்று வீட்டில் அறிவித்தேன்.

அப்படியொரு சேரியில் பிறந்து வளர்ந்த என் அம்மா கேட்டாள்: "வந்த விருந்தாளி முன்னாடி அழுவாங்களாடா? நீ ஃபேனை நிறுத்திட்டா அந்த வீட்ல ஃபேன் சுத்துமா?"

அப்போதுதான் நான் சாட்சியில் சொல்லாமல் விட்டது உறைத்தது. அந்த வீட்டில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் ஜெபம் கேட்கவில்லை. "அண்ணா, மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்க எவ்ளோ ஆகும்?" என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. 'கர்த்தர் வழி காட்டுவார்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தோழர்களே, இதுதான் இந்தப் பயணங்களின் சூட்சுமம். அவர்களுடைய இல்லாமை நமக்கு ஆன்மிகப் பயிற்சி. மூணு நாள் தரையில் படுத்துவிட்டு மெத்தைக்குத் திரும்புகிறவன் எளிமையைப் பற்றிப் பேசலாம். திரும்ப மெத்தை இல்லாதவளுக்கு அது எளிமை இல்லை, பறிப்பு. அவளை யார் இப்படி வைத்தது என்ற கேள்வியை நம்ம நன்றி ஸ்தோத்திரம் அமுக்கிவிடுகிறது.

ஊழியக்காரர்கள் எல்லோரும் அப்படி இருந்ததில்லை. அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் சேரிக்குள் போனார்கள். மக்கள் குடியிருக்கும் மனையே மிராசுதாரன் பிடியில் கிடப்பதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் 'போதுமென்ற மனசை' எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. மனை வேணும், நிலம் வேணும் என்று அரசிடம் வாதாடினார்கள். கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்பது அதைத்தான்.

அந்த நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். ஒரு கிறிஸ்தவப் பெயர், ஒரு இந்துப் பெயர். குண்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்கள் சபையின் எந்த சாட்சியிலும் இந்த ரெண்டு பேரை நான் கேட்டதில்லை.

அம்பேத்கர் கோட்டும் சூட்டும் போட்டதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. அரைத்துணியை ஏற்பது தேர்வு செய்ய முடிந்தவனுக்குத்தான் துறவு. அதையே விதியாகச் சுமந்தவனுக்கு நல்ல துணி உடுத்துவது கலகம். ஃபேன், கக்கூஸ், காங்கிரீட் கூரை, ஹாஸ்டல் இதெல்லாம் எங்கள் ஜனங்களுக்கு ஆடம்பரம் இல்லை, உரிமை.

சேரிக்குப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவர்களுடைய சிரிப்பைத் தூக்கி வராதீர்கள்; மனுவைத் தூக்கி வாருங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்டு வாருங்கள். ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நான் இப்போதும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறேன். அந்தப் பெண்ணின் வீட்டில் சுத்தாத ஃபேன்தான் என் பிரச்சினை.